காயலான் கடையில் என்ன கிடைக்கும்? பழைய பொருள் தேடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய பாத்திரம், பழைய புத்தகம், பழைய மரச்சாமான் என்று நான் அலைவது தெரிந்தவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. கல்யாண வீட்டில் ஒருவர் ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்பார். இன்னொருவர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி "இது எவ்வளவு போகும்?" என்பார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தொகுத்தது இது. கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன. சென்னையையும் காரைக்குடிப் பக்கத்தையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

காயலான் கடைக்குப் போனா என்ன சார் கிடைக்கும்? துருப்பிடிச்ச இரும்பும் தகர டப்பாவும்தானே?

பெரும்பாலும் அதுதான். ஆனால் எந்தப் பழைய பொருளுக்கும் இரண்டு விலை உண்டு. உருக்கினால் என்ன தேறும் என்பது எடை விலை. அதை அப்படியே ஒருவர் வீட்டில் வைத்துக்கொள்ள என்ன கொடுப்பார் என்பது பொருள் விலை. காயலான் கடை எடை விலையில் வாங்கி எடை விலையில் விற்கும் இடம். இந்த இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி உள்ள பொருளைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலை முழுவதும்.

அடி ஓட்டையான பித்தளை அண்டாவுக்கு எடை விலைதான். மூடி, கைப்பிடி, உள்தட்டு எல்லாம் குலையாமல் இருக்கிற பித்தளை காபி ஃபில்டரோ அஞ்சறைப்பெட்டியோ அந்த அண்டாவில் கால் பங்கு எடை கூட இருக்காது, ஆனால் அதைத் தேடி வருபவர்கள் இருக்கிறார்கள். தலைகீழாகவும் நடக்கும். "எங்க தாத்தா காலத்துது" என்று கொண்டுவரும் பல பொருள்களுக்கு எடையைத் தாண்டி ஒரு ரூபாய் கூடப் போகாது. பழையது என்பது மட்டுமே ஒரு விலை ஆகாது.

முதல்ல எங்க போய்த் தேடுறது?

உங்கள் தெருமுனைப் பழைய பேப்பர் கடையிலிருந்து. நான் கேலிக்குச் சொல்லவில்லை. பேர்போன சந்தைகளில் விற்பவருக்கே விலை தெரியும். தெருமுனைக் கடையில் பொருள் வந்து ஒரு நாள் இரண்டு நாளில் மொத்த வியாபாரிக்குப் போய்விடும். கடைக்காரரிடம் "புத்தகம், பித்தளை வந்தா ஒரு போன் பண்ணுங்கண்ணே, எடை விலைக்கு மேல போட்டுத் தர்றேன்" என்று சொல்லி வையுங்கள். சொன்னபடி கொடுத்தால் அடுத்த முறை அவரே கூப்பிடுவார்.

அதற்கடுத்து சென்னையில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. செடி, புறா, பழைய மிக்ஸி, உடைந்த கேமரா, மர நாற்காலி, எல்லாம் சாலையோரம் விரித்துக் கிடக்கும். வெயில் ஏறுவதற்குள் போய்விடுவது நல்லது. எலக்ட்ரானிக்ஸ் உதிரிக்கு ரிச்சி தெரு, வண்டி உதிரிக்குப் புதுப்பேட்டை. சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி இருந்த மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்துபோன பிறகு பழைய புத்தகக் கடைகள் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயின. செட்டிநாட்டு வீட்டுச் சாமான்களுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு. அங்கே விலை மலிவாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் ஒரு முறை சுற்றி வந்தால் எது எது பொருள் விலைக்குப் போகிறது என்று கண்ணுக்குப் பழகிவிடும். அந்தப் படிப்புக்காகவாவது போகலாம்.

எந்த மாசத்துல பொருள் நிறைய வரும்?

போகிக்கு முந்தைய வாரம். வெளியே வரும் பொருளில் நல்லது நெருப்பில் போவதற்குள் கேட்டு வாங்க வேண்டும். அதுபோக, நம் ஊரில் ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாற மாட்டார்கள். ஆகவே ஆனிக் கடைசியிலும் தை பிறந்ததும் காலி செய்பவர்கள் அதிகம். ஏப்ரல், மே மாதங்களில் புத்தகங்கள் வரும். பழைய வீடு இடிக்கிற சேதி தெரிந்தால் மாதம் பார்க்க வேண்டாம், அன்றே போய் மேஸ்திரியைப் பாருங்கள்.

பித்தளை, வெண்கலம், செம்பு, எல்லாம் ஒரே மாதிரி கறுத்துக் கெடக்கு. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்பீக்கரிலிருந்து உடைத்து எடுத்ததே போதும். ஒட்டினால் இரும்பு, மேலே பித்தளை முலாம் எவ்வளவு பளபளத்தாலும் உள்ளே இரும்புதான். ஒட்டாவிட்டால் அடிப்பாகத்தில், கண்ணில் படாத இடத்தில், ஒரு சாவி முனையால் லேசாகக் கீறுங்கள். சிவப்பு தெரிந்தால் செம்பு. எலுமிச்சை மஞ்சள் தெரிந்தால் பித்தளை. மஞ்சளைக் கீறியதும் சாம்பல் வெள்ளை தெரிந்தால் துத்தநாகக் கலவையில் வார்த்து முலாம் போட்டது. இப்போது வருகிற மலிவான குழாய்கள், பொம்மைகள் பல அந்த ரகம். காந்தம் இதைக் காட்டிக் கொடுக்காது, அதனால்தான் கீற வேண்டும்.

வெண்கலம்தான் ஆட்களைக் குழப்பும். செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த கலவை அது. ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி வெள்ளீயம் இருக்கும். நிறம் பித்தளையை விட மங்கல், சற்றே சாம்பல் கலந்த மஞ்சள். விளிம்பை விரல் நுனியில் தொங்கவிட்டுச் சுண்டினால் ஓசை நின்று ஒலிக்கும். பித்தளை சீக்கிரம் அடங்கிவிடும். இன்னொரு அடையாளம் உண்டு. பித்தளைப் பாத்திரம் கீழே விழுந்தால் நசுங்கும். வெண்கலம் நசுங்காது, விரிசல் விடும் அல்லது உடையும். ஒரு பானையில் நசுங்கல் நிறைய இருந்தால் அது வெண்கலமாக இருக்க வாய்ப்புக் குறைவு. வெண்கலப் பானையும் உருளியும் வார்த்துச் செய்பவை என்பதால் கனமாக, சுவர் தடிமனாக இருக்கும். விரிசல் விட்டதைச் சமையலுக்கு வாங்காதீர்கள். அடுப்புச் சூட்டில் விரிசல் நீளும்.

பாட்டி வச்சிருந்த ஈயச் சொம்பு ஒண்ணு இருக்கு. அலுமினியம்னு சொல்லி அலுமினிய விலை போட்டாங்க. சரிதானா?

சரியே இல்லை. இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம். ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. உலோகச் சந்தையில் வெள்ளீயம் செம்பை விடவே பல மடங்கு விலை. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் பத்து மடங்குக்கும் மேல். இரண்டும் வெள்ளையாக, மங்கலாக இருப்பதால் தராசில் அலுமினியக் குவியலோடு போய்விடுகிறது. கையில் தூக்கினாலே தெரியும்: அதே அளவு அலுமினியப் பாத்திரத்தை விட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனக்கும். சுவரை விரலால் அழுத்தினால் லேசாக இளகும். அடிக்கடி அடுப்பேறிய சொம்பின் அடி வழவழவென்று சற்றே கோணலாக இருக்கும்.

வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். அதனால்தான் புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே அடுப்பில் வைப்பார்கள். வெறுஞ்சொம்பை வைத்து மறந்தால் அடுப்பில் குட்டையாகக் கிடக்கும். அப்படி உருகியதையும் தூக்கிப் போடாதீர்கள், எடை விலை அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. காரீயம் வேறு, வெள்ளீயம் வேறு. காரீயம் நஞ்சு. காரீயம் கலந்து செய்த சொம்புகளும் விற்பனைக்கு வருகின்றன. வெள்ளைத் தாளில் அழுத்தித் தேய்த்தால் காரீயம் பென்சில் மாதிரி கருஞ்சாம்பல் கோடு போடும். இது முதல் சந்தேகத்துக்கு மட்டும் உதவும். சமைக்க வேண்டும் என்றால் நகைக்கு ஹால்மார்க் போடும் மையங்களில் எந்த உலோகம் எவ்வளவு என்று காட்டும் எக்ஸ்ஆர்எஃப் இயந்திரம் வைத்திருப்பார்கள்; அங்கே காட்டிப் பார்த்துவிடுங்கள்.

வாங்கின பித்தளையைப் புளி போட்டுத் தேய்ச்சு, பாலிஷ் பண்ணி வித்தா அதிகம் கிடைக்குமில்ல?

புழக்கத்துக்கு வாங்குபவரிடம் கிடைக்கும். சேகரிப்பவரிடம் பாதியாகிவிடும். பழைய குத்துவிளக்கிலோ சின்ன விக்கிரகத்திலோ படிந்திருக்கும் பழுப்புதான் அதன் வயதுக்குச் சாட்சி. பாலிஷ் சக்கரத்தில் பிடித்தால் சாட்சியோடு சேர்ந்து மூக்கு முழியும் தேய்ந்துவிடும். என்ன பொருள் என்று தெரியும் வரை தண்ணீரில் கழுவி, பருத்தித் துணியால் துடைத்து நிறுத்திக்கொள்ளுங்கள். பாத்திரத்தின் கழுத்திலோ அடியிலோ வெட்டிய பெயர், ஊர், வருஷம் இருந்தால் அந்த இடத்தைத் தொடவே வேண்டாம். சீர் கொடுத்தவர் பெயரை வெட்டித் தருவது பழைய வழக்கம். சிலர் "யாரோ பேர் இருக்கே" என்று அதைத் தேய்த்து அழித்துவிட்டுக் கொண்டுவருகிறார்கள். பார்த்தால் வயிறு எரிகிறது.

பழைய பாத்திரத்துல சமைக்கலாமா?

செம்பிலும் பித்தளையிலும் புளி, தயிர், எலுமிச்சை படக்கூடாது, உள்ளே ஈயம் பூசியிருந்தாலொழிய. பூசுபவர்கள் குறைந்துவிட்டாலும் இருக்கிறார்கள். பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரத்தைத் தூவுவார்கள். குப்பென்று வெள்ளைப் புகை வரும். அந்தச் சூட்டிலேயே வெள்ளீயக் கட்டியை ஒரு தொடு தொட்டுப் பஞ்சால் சுழற்றி இழுத்தால் உட்புறம் கண்ணாடி மாதிரி வெளுக்கும். பூசப் போவது வெள்ளீயமா, ரேடியோ பழுதுபார்க்கிறவர்கள் வைத்திருக்கும் சால்டர் ஈயமா என்று கேட்டு, கட்டியைப் பார்த்த பிறகு கொடுங்கள். சால்டரில் காரீயம் கலந்திருக்கும்.

எனாமல் பாத்திரங்கள், அதாவது செட்டிநாட்டு வீடுகளில் அடுக்கடுக்காக இருந்த ஸ்வீடன், ஜப்பான் சரக்குகள், அலமாரிக்கு அழகு. பூச்சு உதிர்ந்ததில் சாப்பாடு வேண்டாம்.

"பழைய பட்டுப்புடவை வாங்குறது"ன்னு தெருவுல வர்றாங்களே, அவங்க கிட்ட கொடுக்கலாமா?

அவர்கள் வாங்குவது புடவையை அல்ல, ஜரிகையை. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றி, தங்க முலாம் பூசியது. எரித்து வெள்ளியைப் பிரிப்பார்கள். முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரே ஒரு ஜரிகை இழையை உருவி, நகத்தால் மேல் சுற்றைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் நல்ல அறிகுறி. அந்த உள்நூலைத் தீயில் காட்டினால் பட்டு முடி கருகும் வாசனையோடு சாம்பலாகும். உருகி மணியாகத் திரண்டால் அது பாலியெஸ்டர், ஜரிகை போலி.

அசலாக இருந்தாலும் உடனே கொடுத்துவிடாதீர்கள். கிழியாத பழைய காஞ்சிபுரம் புடவைக்கு முதல் பதிலில் சொன்ன இரண்டாவது விலை உண்டு. இப்போது நெய்யாத பழைய கரை, பழைய புட்டா இருந்தால் அதைப் பார்த்துத் திரும்ப நெய்ய விரும்பும் நெசவாளர்களும் கடைகளும் இருக்கிறார்கள். மடிப்பில் இற்றுப்போனது என்றால் ஜரிகைக்குத்தான் போகும். அப்போதும் இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள்.

டிராக்டர் போட்ட 5 ரூபாய் நோட்டு லட்சத்துக்குப் போகுதாமே?

போகாது. "உங்கள் நோட்டுக்கு 5 லட்சம் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்" என்று வருவது மோசடி. தன் பெயரையும் சின்னத்தையும் காட்டி இப்படிக் கட்டணம், வரி கேட்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. விற்பவன் பணம் கட்டுகிற வியாபாரம் உலகத்தில் எங்கேயும் கிடையாது.

உண்மையில் மதிப்புள்ள நாணயங்கள் உண்டு. பிரிட்டிஷ் காலத்து ஒரு ரூபாய் 11.66 கிராம் எடை. விக்டோரியா காலம் முதல் 1930களின் கடைசி வரை அதில் 91.7 சதவீதம் வெள்ளி. 1940 முதல் 1945 வரை பாதிதான் வெள்ளி. 1947-இல் வெறும் நிக்கல், காந்தத்தில் ஒட்டும். ஆகவே காசு எதுவானாலும் வருஷத்தைப் படிக்காமல் எடை போடாதீர்கள். 1911 என்று இருந்தால் ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் உள்ள யானையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். தும்பிக்கை குட்டையாகி அது பன்றி போலத் தெரிவதாகச் சர்ச்சை கிளம்பி, மறு வருஷமே அச்சை மாற்றினார்கள். அந்த ஒரு வருஷக் காசுக்குச் சேகரிப்பாளர்களிடம் தனி மதிப்பு. எந்தக் காசையும் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். காரணம் பித்தளைக்குச் சொன்னதுதான், இங்கே இழப்பு இன்னும் அதிகம்.

இரிடியம் கலசம், பழைய டிவியில இருக்கிற ரெட் மெர்க்குரி, இதெல்லாம் உண்மையா?

இல்லை. அரிசியை இழுக்கும் கலசமும் இல்லை, பழைய ரேடியோவிலும் தையல் மிஷினிலும் சிவப்புப் பாதரசமும் இல்லை. "விஞ்ஞானி வந்து சோதிப்பார், அதற்கு முன்பணம்" என்று பேச்சு போனால் எழுந்து வந்துவிடுங்கள். நல்ல நிலையில் உள்ள பழைய சிங்கர் தையல் மிஷினுக்குத் தைக்கத் தெரிந்தவர்களிடம் நியாயமான விலை கிடைக்கும். அந்த விலை போதும்.

பழைய ஃபேன், மோட்டார், ஃபிரிட்ஜ் எல்லாம் செம்புக்காகவே வாங்கலாமா?

மின்விசிறி, தண்ணீர் மோட்டார், ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் ஆகியவற்றின் சுற்றுக்கம்பியில்தான் காசு. ஆனால் சுற்றுக்கம்பி என்றாலே செம்பு என்று எண்ண வேண்டாம். அலுமினியக் கம்பிக்கும் செம்பு நிறத்திலேயே எனாமல் பூச்சு இருக்கும். பிளேடால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். கேபிளையும் வெட்டி நுனியைப் பாருங்கள், செம்புத் தோல் போர்த்திய அலுமினியக் கம்பிகள் நிறையப் புழங்குகின்றன.

ஒயரை எரிக்காதீர்கள். பிவிசி எரிந்தால் டையாக்சின் உட்பட நச்சுப் புகை வரும், எரித்துக் கறுத்த செம்புக்குக் கடையில் விலையும் குறைப்பார்கள். உரித்தால் முழு விலை. ஃபிரிட்ஜ், ஏசி குழாய்களை நீங்களாக வெட்டி வாயுவைத் திறந்துவிட வேண்டாம். மைக்ரோவேவ், பழைய பிக்சர் டியூப் டிவி இரண்டையும் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

கம்ப்யூட்டர் போர்டுல தங்கம் இருக்குன்னு யூடியூப்ல காட்டுறாங்களே?

இருக்கிறது, முலாமாக, மைக்ரான் கணக்கில். அதைப் பிரிக்க அமிலம் வேண்டும், அந்தப் புகையை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் சுவாசிக்க வேண்டியிருக்கும். மின்னணுக் கழிவுக்கான 2022 விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்தான் அந்த வேலையைச் செய்யலாம். இங்கேயும் பொருள் விலைதான் மேல். வேலை செய்யும் ராம், ஹார்ட் டிஸ்க், லேப்டாப் சார்ஜர், திரை ஆகியவற்றுக்கு ரிச்சி தெருவில் கிடைப்பது போர்டை நொறுக்கினால் கிடைக்காது. அலுவலகம் காலி செய்யும்போது வரும் நல்ல நாற்காலிகளும் அப்படித்தான். புதிது பல ஆயிரம் விலையுள்ள நாற்காலி, ஒரு சக்கரம் உடைந்ததற்காக இரும்பு எடைக்கு வந்து நிற்கும்.

வீடு காலி பண்றோம். பழைய புத்தகம், பத்திரிகை எல்லாம் எடைக்குப் போட்டுடலாமா?

பாடப்புத்தகம், வார இதழ், நேற்றைய செய்தித்தாள் தாராளமாகப் போடலாம். மற்றதைப் போடுவதற்கு முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பிரியுங்கள். முதல் பதிப்பு, ஆசிரியர் கையெழுத்திட்டது, சிறுபத்திரிகை, 1950களுக்கு முந்தைய சினிமாப் பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், கோவில்பட்டி ஓவியர்கள் வரைந்து சிவகாசியில் அச்சான சாமி காலண்டர், குடும்பக் கணக்கு நோட்டு, இவற்றைத் தனியே வையுங்கள். மெலிதாகவும் மட்டமான தாளிலும் இருப்பதுதான் பெரும்பாலும் அரிதானது. தடித்த கலிக்கோ அட்டைப் புத்தகத்தை எல்லோரும் காப்பாற்றுவார்கள். எட்டுப் பக்க நோட்டீஸை யார் வைத்திருப்பார்?

கோட்டையூர் ரோஜா முத்தையா அதைத்தான் வைத்திருந்தார். விளம்பரப் பலகை எழுதுவது அவர் தொழில். புத்தகம், பத்திரிகையோடு கல்யாண அழைப்பிதழ், நோட்டீஸ் என்று மற்றவர்கள் கழித்ததை எல்லாம் சேர்த்தார். 1992-இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, நாட்டை விட்டுக் கொண்டுபோகாமல் சென்னையில் நூலகமாக்க உதவியது. 1994-இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள். தமிழ் அச்சு வரலாறு எழுதுபவர்கள் இன்று அங்கே போகாமல் எழுத முடியாது.

ஓலைச்சுவடி இருந்தால் எண்ணெய் தடவுவது, பிரித்து வெயிலில் போடுவது எதுவும் வேண்டாம். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகம், தஞ்சை சரசுவதி மகால் ஆகிய மூன்றில் பக்கத்தில் உள்ளதைக் கேளுங்கள்.

கதவு தேக்குன்னு சொல்றாங்க. எப்படி நம்புறது?

பெயின்டை நம்பாதீர்கள். கதவின் மேல் விளிம்பில், யாரும் பெயின்ட் அடிக்காத இடத்தில், ஒரு இழை சீவச் சொல்லுங்கள். தேக்கு என்றால் பொன்பழுப்பு நிறமும் எண்ணெய்ப் பிசுக்கும் தோல் மாதிரி ஒரு வாசனையும் வரும். அந்த விளிம்பிலேயே ரேகை முன்பக்கத்திலிருந்து தொடர்ந்து வருகிறதா என்று பாருங்கள். தொடராமல் நின்றால் மேலே ஒட்டிய தகடு. செட்டிநாட்டு வீடுகளுக்குக் கப்பலில் வந்த பர்மாத் தேக்கு என்று சொல்லி விற்கப்படுவதில் எல்லாமே பர்மா பார்த்தது கிடையாது. நல்ல உள்ளூர்த் தேக்கும் வாங்கத் தகுந்ததே, விலையில் மட்டும் பர்மா வேண்டாம்.

தராசுல ஏமாத்துவாங்களா?

எல்லோரும் இல்லை. ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பையில் கொண்டுபோய் முதலில் அதை வையுங்கள். சண்டையே தேவைப்படாது.

வாங்கின பொருள் திருட்டுப் பொருளா இருந்தா நம்ம மாட்டிக்குவோமா?

திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தும் வாங்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவின்படி குற்றம். பழைய இ.பி.கோ.வில் 411. "நம்பக் காரணம்" என்பதுதான் கவனிக்க வேண்டியது. புதுக் கேபிள் சுருள், சாக்கடை மூடி, ரயில்வே முத்திரை உள்ள இரும்பு, கோவில் மணி, இதையெல்லாம் ஒருவர் பாதி விலைக்குக் கொடுத்தால் காரணத்தை அவரே கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். வண்டி உதிரி வாங்கும்போது பில் கேளுங்கள். என்ஜின் என்றால் எண் தேய்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வண்டியையே கழிக்கிறீர்கள் என்றால் பதிவு பெற்ற மையத்தில் கொடுத்து ஆர்சியை ரத்து செய்யுங்கள். இல்லாவிட்டால் அந்த எண்ணில் வேறு வண்டி ஓடும், சம்மன் உங்களுக்கு வரும். ஹெல்மெட்டும் டயரும் பழையது வாங்குவதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய சிலை ஒண்ணு வந்திருக்கு. 100 வருஷத்துக்கு மேல இருக்கும் போல. வாங்கி விக்கலாமா?

100 வருஷத்தைத் தாண்டிய சிலை, ஓவியம் போன்றவை தொல்பொருள். சுவடிக்கு 75 வருஷம் போதும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைப்பொக்கிஷச் சட்டம் 1976 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. அதன்படி சிலைகளை இந்தியத் தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும், கைமாறினால் தெரிவிக்க வேண்டும், தொழிலாக விற்க உரிமம் வேண்டும். தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. பதிவுச் சான்று காட்ட முடியாதவரிடம் வாங்காதீர்கள். நம் மாநிலத்தில் சிலைத் திருட்டுத் தடுப்புக்கென்றே தனிக் காவல் பிரிவு இருப்பது சும்மா அல்ல.

கிணறு தோண்டும்போது, வீடு இடிக்கும்போது கிடைத்தால் அது வேறு சட்டம். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது: மண்ணில் மறைந்து கிடந்த, 10 ரூபாய்க்கு மேற்பட்ட எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். யானைத் தந்தத்தில் செய்த பொருள் என்றால் பேச்சே கிடையாது. விற்பதும் வாங்குவதும் குற்றம்.

விக்கிறவருக்கே மதிப்பு தெரியலன்னா, நான் சொல்லணுமா? சொன்னா எனக்கு என்ன மிஞ்சும்?

இதற்கு எல்லோரும் ஒத்துக்கொள்ளும் பதில் இல்லை. என் வழக்கத்தைச் சொல்கிறேன். கடைக்காரர் எடைக்கு வாங்கியிருக்கிறார், எடைக்கு மேல் லாபம் வைத்து விலை சொல்கிறார், அது வியாபாரம். அவர் சொன்ன விலையைக் கொடுத்து வாங்குவதில் எனக்குத் தயக்கம் இல்லை. அவரிடம் போய் அந்தக் காரணத்துக்காகவே இன்னும் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்பது அற்பம்.

வீட்டுக்கே போய் வாங்கும்போது அப்படி இல்லை. கணவரை இழந்த ஒரு அம்மா, ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஈயச் சொம்பையும் பட்டுப்புடவையையும் எடுத்து வைக்கிறார் என்றால், "அம்மா, இது அலுமினியம் இல்ல, வெள்ளீயம், இன்னைக்கு இந்த விலை போகும், நான் இவ்வளவு தர்றேன்" என்று சொல்லிவிட்டு வாங்குங்கள். லாபம் குறையும். ஆனால் அடுத்த தெருவில் அவர் உங்களைப் பற்றிச் சொல்வதில் உங்களுக்கு வேலை நடக்கும்.

ரோட்டோரம், குப்பைத்தொட்டி பக்கத்துல கெடக்கிறதை எடுக்கலாமா?

வெளியே வைத்த நாற்காலி, அலமாரி என்றால் வீட்டுக்காரரைக் கேட்டு எடுங்கள். பாட்டில், அட்டைப்பெட்டி, பழைய இரும்புத் துண்டுகளை விட்டுவிடுங்கள். அது தினமும் பொறுக்கிப் பிழைப்பவர்களின் அன்றாடக் கூலி. மெத்தை, தலையணை, மழையில் நனைந்த சோபா ஆகியவற்றை இனாமாகக் கொடுத்தாலும் வீட்டுக்குள் விடாதீர்கள்; மூட்டைப்பூச்சி வந்தால் நீங்கள் மிச்சம் பிடித்ததெல்லாம் மருந்தடிக்கவே சரியாகிவிடும்.

வேலையை விட்டுட்டு இதையே தொழிலாப் பண்ணலாமா?

உடனே வேண்டாம். எடை விலைப் பொருளை எந்த நாளும் விற்கலாம். பொருள் விலைப் பொருளுக்கு அதற்கான ஆள் வர வேண்டும். அது வரை உங்கள் பணமும் இடமும் முடங்கிக் கிடக்கும். பாத்திரம் கறுக்கும், புத்தகத்தில் பூச்சி விழும், மரத்தில் செல்லரிக்கும். வாங்கியதில் விற்காமல் தங்குவது எவ்வளவு என்று ஒரு வருஷம் நோட்டில் எழுதிப் பாருங்கள். வருகிற லாபத்தை விட அந்தக் கணக்குதான் உண்மையைச் சொல்லும்.

எல்லாவற்றையும் வாங்குபவருக்கு எதுவும் பிடிபடாது. பித்தளையா, புத்தகமா, மரமா, பழைய கேமராவா, ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கும் விலை எடை விலையை ஒட்டியே இருக்கட்டும். ஆள் வராவிட்டாலும் எடை விலைக்கு விற்றுக் கையைக் கடிக்காமல் வெளியே வந்துவிடலாம். வீட்டில் இருப்பவர்களிடம் ஒரே ஒரு அலமாரிக்கு மட்டும் அனுமதி வாங்குங்கள். அது நிறைந்துவிட்டால், உள்ளே இருப்பதில் ஒன்றை விற்ற பிறகே அடுத்ததை வாங்குங்கள்.